போல்ட் ரைஃபிளின் கைப்பிடியை ஏன் முதலில் தூக்க வேண்டும்?

திருமங்கலத்தான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறேன். மதுரை ஆயுதப்படை மைதானத்தில் மாணவர்களுக்காகப் பழைய ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, மேசை ஓரத்தில் இருந்த ஒரு .303 ரைஃபிளின் போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடித் திறக்கும் உருளை) இயக்கிப் பார்க்க அங்கிருந்த காவலர் அனுமதித்தார். தோட்டாப் பெட்டியான மேகசின் கழற்றப்பட்டிருந்தது, தோட்டா எதுவும் இல்லை. கைப்பிடியை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மறுபடி கீழே மடக்கினேன். அசைவு நான்குதான் என்றாலும், காலிக் கூட்டை வெளியேற்றுவது, அடுத்த தோட்டாவை ஏற்றுவது, ஸ்பிரிங்கை இறுக்குவது, பின்புறத்தைப் பூட்டுவது என எல்லா வேலையும் இந்த நான்கிலேயே எப்படி முடிகிறது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தும் விளங்கவில்லை.

குறிப்பாக எனக்குப் புரியாதவை இவை. நேராக இழுத்தால் திறக்கும்படி ஒரு கொண்டி வைத்திருந்தால் போதாதா, எதற்காக முதலில் தூக்க வேண்டும்? அந்த .303-இல் முன்னுக்குத் தள்ளும்போது கடைசி ஓரங்குலத்தில் கை கனத்தது. ஆனால் ஜெர்மானிய மவுசர் ரைஃபிளைக் காட்டிய ஒரு காணொளியில் கைப்பிடியைத் தூக்கும்போதே அவர் சிரமப்பட்டது தெரிந்தது. ஏன் இந்த வேறுபாடு? மேகசினில் பத்துத் தோட்டாக்கள் கீழிருந்து ஸ்பிரிங்கால் உந்தப்பட்டு நிற்கும்போது ஒன்று மட்டும் ஏறுவதும் அடுத்தது காத்திருப்பதும் எதனால்? தெரிந்த பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரையூர் ஆர்மரர் எழுதுகிறார்:

தம்பி, நான் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இயக்கிப் பார்த்தது பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு வகையைச் சேர்ந்த ரைஃபிளாகத்தான் இருக்கும். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் அது பல பத்தாண்டுகள் தயாரானது. 1962-இல் சீன எல்லையில் நம் படையினர் கையில் இருந்ததும் அதுவே. அதன்பின் படைக்குத் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் வந்துவிட்டன. ஆனால் காவல் துறைகளில் அது வெகுகாலம் நீடித்தது. உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தது.

சுட்டு முடித்த நிலையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் காலிப் பித்தளைக் கூடு இருக்கிறது, போல்ட் பூட்டியிருக்கிறது, தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் முன்னே போய் நிற்கிறது. கைப்பிடியைத் தூக்கியதும் போல்ட்டின் உடல் ஏறத்தாழ 60 பாகை சுழல்கிறது. அந்தச் சுழற்சியில், போல்ட்டின் பின்பகுதியில் இடப்புறம் உள்ள காது எனும் சிறிய புடைப்பும் வலப்புறம் உள்ள நீண்ட முதுகும் ரிசீவரில் (போல்ட் ஓடும் உருக்கு உடல்) தமக்கென வெட்டப்பட்ட தாங்குமுகங்களை விட்டு விலகுகின்றன. அதே நேரத்தில் ஃபயரிங் பின் சற்றே பின்வாங்கி, அதன் நுனி போல்ட்டின் முகத்துக்குள் மறைகிறது. பின்னுக்கு இழுக்கும்போது, போல்ட் தலையின் வலப்பக்கத்தில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, கூட்டின் அடிவிளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிறது. கூட்டின் இடப்பக்க விளிம்பு ரிசீவர் சுவரில் துருத்தி நிற்கும் ஒரு சிறு திருகில் இடித்ததும், கொக்கி பிடித்திருக்கும் பக்கத்தை அச்சாகக் கொண்டு கூடு வலப்புறம் தெறித்து விழுகிறது. இந்த ரைஃபிளில் கூட்டைத் தெறிக்கவிட எஜெக்டர் என்று தனியாக ஒரு பொறி கிடையாது. அந்தத் திருகுதான் எஜெக்டர்.

முன்னுக்குத் தள்ளும்போது போல்ட் தலையின் கீழ்விளிம்பு, மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் அடியில் இடித்து, அதைச் சேம்பருக்குள் செலுத்துகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மேகசினின் வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள் உண்டு. மேல் தோட்டா முன்னோக்கி நழுவி வந்தால்தான் அந்த உதடுகளிலிருந்து விடுபடும். ஸ்பிரிங் எவ்வளவு உந்தினாலும் நேராக மேலே எழும்ப அதற்கு வழியில்லை. அந்தத் தோட்டா முன்னே போனதும் அடுத்தது உயரப் பார்க்கும்; ஆனால் அதற்குள் போல்ட்டின் உடலே மேலே வந்து மூடிவிடுகிறது. மறுபடி போல்ட் முழுவதும் பின்னுக்குப் போகும்வரை அது காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் பயிற்சியில் போல்ட்டைக் கடைசிவரை இழுக்கச் சொல்லி அதட்டுவார்கள். அரைகுறையாக இழுத்தவனுக்குக் காலிச் சேம்பர்தான் மிஞ்சும்.

கடைசி ஓரங்குலம் கனத்ததற்கும் காரணம் இருக்கிறது. போல்ட் முன்னே போகும்போது, அதன் வாலில் இருக்கும் காக்கிங் பீஸ் என்ற துண்டை விசையோடு இணைந்த சியர் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஃபயரிங் பின்னும் அதோடு நின்றுவிடுகிறது. போல்ட்டின் உடல் மட்டும் மேலும் முன்னேறுகிறது. இடையில் சிக்கிய ஸ்பிரிங் சுருங்குகிறது. நீங்கள் உணர்ந்த கனம் அந்த ஸ்பிரிங்தான். கை ஏற்கெனவே வேகமாக முன்னே போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சுமை வருவதால் பழகியவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. தூக்குவதோ மிக இலகு. பழைய பிரிட்டிஷ் படையில் 300 கஜம் தொலைவில் உள்ள இலக்கில் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி இருந்தது. அதற்கு இந்த அமைப்பு பெரிதும் துணை நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். அதே எண் ரிசீவரிலும் இருக்கும். துப்புரவு நாளில் பத்துப் பதினைந்து ரைஃபிள்களின் போல்ட்டுகளை ஒரே தரைவிரிப்பில் பரப்பி, சிந்தி எனப்படும் துண்டுத் துணியால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கும்போது புதிய பையன்கள் எண் பார்க்காமல் எடுத்து மாட்டிவிடுவார்கள். மாட்டும், இயங்கவும் செய்யும். ஆனால் காதுகளும் தாங்குமுகங்களும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்கப்பட்டவை என்பதால், போல்ட் மாறிய ரைஃபிளைச் சோதிக்காமல் சுடவிடக் கூடாது.

கே.புதூர் லேத் பட்டறை எழுதுகிறார்:

ஆர்மரர் ஐயா வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எதற்காக முதலில் தூக்க வேண்டும் என்ற கேள்வியில் இன்னும் ஒரு பாதி மிச்சம் இருக்கிறது. பெரும்பாலோர் தூக்குவதைப் பூட்டுத் திறப்பதாக மட்டுமே நினைக்கிறார்கள். என் கணிப்பில் அந்த நான்கு அசைவுகளில் மிகக் கடினமான வேலையைச் செய்வது அதுதான்.

முதலில் பூட்டு. .303 தோட்டா வெடிக்கும்போது சேம்பருக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்குக் குறையாது. கூட்டின் உள்விட்டத்தை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பளவு 0.785 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் போல்ட்டின் முகத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசை இரண்டே கால் டன்னைத் தாண்டுகிறது. கூடு சேம்பர் சுவரை இறுகப் பற்றிக்கொள்வதால் அதில் ஒரு பகுதி குறையும் என்றாலும், மீதி முழுவதும் காதுகளின் தலையில்தான் இறங்கும். ஒரு கொண்டியோ ஊசியோ இதைத் தாங்காது. சுழன்று போய் உருக்குச் சுவருக்கு முன்னால் நின்றுகொள்ளும் காதுக்கோ வளைய இடமில்லை. நேர் அழுத்தத்தைத் தாங்கினால் போதும். சுழற்சித் திசையில் அந்த விசை செயல்படாததால் போல்ட் தானாகத் திறந்துகொள்ளவும் வாய்ப்பில்லை.

இரண்டு காதுகளும் ஒரே சமயத்தில் படுகின்றனவா என்பதைப் பார்க்கப் பட்டறையில் நாங்கள் செய்வதையே துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்வார்கள். ஒரு பக்கம் நீல மையை மெல்லப் பூசி, பூட்டித் திறந்தால், எங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டதோ அங்கே மை துடைத்துப் போயிருக்கும். ஒரு காதில் மட்டும் பளிச்சென்ற தடமும் மற்றதில் மை கலையாமலும் இருந்தால், முழுச் சுமையையும் ஒற்றைக் காது சுமக்கிறது என்று பொருள்.

இனி அந்த மிச்சப் பாதி. அழுத்தம் ஏறியதும் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் தடுப்பது இதுதான். போல்ட் ரைஃபிளில் வேறு அடைப்பு எதுவும் கிடையாது. குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் விழுகிறது. பித்தளை தன் மீள்தன்மையால் சற்றே சுருங்கி, சுவரிலிருந்து மயிரிழை விலகுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் கூடு எளிதாக வந்துவிடும். ஆனால் சேம்பரில் தூசி இருந்தாலோ, தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறியிருந்தாலோ, தோட்டாவின் அளவு சற்றுப் பிசகியிருந்தாலோ கூடு சிக்கிக்கொள்ளும். அப்போது நேராக இழுத்தால் மனிதக் கையின் பலம் போதாது.

இங்கேதான் கைப்பிடி நெம்புகோலாகிறது. மவுசர் ரைஃபிளில் கைப்பிடியின் வேர்ப்பகுதி, தூக்கலின் கடைசிக் கட்டத்தில் ரிசீவரின் பின்பாலத்தில் வெட்டப்பட்டிருக்கும் ஒரு சாய்வுமுகத்தின் மீது ஏறுகிறது. கை பல சென்டிமீட்டர் வட்டமாக நகர, போல்ட் முழுவதும் ஓரிரண்டு மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தொலைவைக் கொடுத்து விசையை வாங்கும் வழக்கமான கணக்குத்தான் இது. மரை வெட்டத் தெரிந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். கொக்கி கூட்டைப் பெயர்த்துவிட்டால் பிறகு இழுப்பது விளையாட்டு. இறுகிப்போன திருகு மூடியை யாரும் நேராக இழுத்துப் பார்ப்பதில்லையே, அதே அறிவுதான் இங்கும்.

தல்லாகுளம் வாசகர் எழுதுகிறார்:

பட்டறை நண்பர் சொன்னதற்கு வரலாறு இரண்டு சான்றுகளைத் தருகிறது. முதலாவது மார்ட்டினி-ஹென்றி. 1871 முதல் பிரிட்டிஷ் படையில் இருந்த அந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போல்ட் கிடையாது. கீழே உள்ள நெம்பை இறக்கினால் பின்கட்டை தாழ்ந்து சேம்பர் திறக்கும். அதற்கான ஆரம்பகாலத் தோட்டாக்கள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தவை. 1885 ஜனவரியில் சூடானில் நடந்த அபு கிளேயா சண்டையில், வெப்பத்திலும் மணலிலும் அந்தக் கூடுகள் சேம்பருக்குள் சிக்கிக்கொள்ள, வீரர்கள் நெருக்கடியின் நடுவே செயலிழந்த ரைஃபிள்களோடு திணறினார்கள். இரண்டாவது சான்று கனடாவின் ராஸ் ரைஃபிள். அதில் கைப்பிடியைத் தூக்கவே வேண்டாம். நேராக இழுத்தால் உள்ளேயிருக்கும் திருகுச் சாய்வு போல்ட் தலையைச் சுழற்றித் திறந்துவிடும். கேள்வி கேட்ட தம்பி விரும்பிய அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். இலக்குச் சுடும் போட்டிகளில் அது நற்பெயர் பெற்றது. ஆனால் 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தின் சேற்றில், பலவகை அளவில் வந்த தோட்டாக்களோடு அது சிக்கிக்கொண்டபோது, நேர் இழுப்புக்குக் கூட்டைப் பெயர்க்கும் பலம் போதவில்லை. வீரர்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். இறந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். 1916-இல் ராஸ் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டது. நேர் இழுப்பு எல்லா இடத்திலும் தோற்றது என்றும் சொல்லிவிட முடியாது. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் 1889-இலும் 1895-இலும் தேர்ந்தெடுத்த அத்தகைய ரைஃபிள்கள் பல்லாண்டுகள் சேவையில் இருந்தன.

மவுசரில் தூக்கும்போது கனப்பது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனி 1898-இல் ஏற்ற மவுசர் ரைஃபிளில் போல்ட்டின் பின்முனையில் ஒரு சாய்வான வெட்டு இருக்கிறது. காக்கிங் பீஸின் மூக்கு அந்த வெட்டுக்குள் அமர்ந்திருக்கிறது. அது சுழல முடியாது. போல்ட்டைச் சுழற்றினால் வெட்டின் சரிவு அந்த மூக்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்பிரிங் அப்போதே இறுகிவிடுகிறது. ஆகவே மவுசரில் ஒரே தூக்கலில் முதலில் ஸ்பிரிங் இறுகுகிறது, காதுகள் விடுபடுகின்றன, கடைசியில் கூடு பெயர்கிறது. சுழற்சியும் 90 பாகை. தோளிலிருந்து இறக்காமல் விரைவாக இயக்குவதற்கு லீ-யின் அமைப்பு இலகு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் சுடாமல் போன தோட்டாவின் மேல் ஊசியை மறுபடி விழச் செய்யவும், தள்ளும் கை சுமையின்றித் தோட்டாவைச் சேம்பருக்குள் வழிகாட்டவும் மவுசர் முறை வசதியானது. பிற்கால வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவை மவுசரின் வழியையே பின்பற்றின.

பூட்டும் இடத்தைப் பொறுத்தவரை ஆர்மரர் ஐயாவோடு சற்று மாறுபட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மவுசரின் இரண்டு முதன்மைக் காதுகளும் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு நேர் பின்னே பூட்டுகின்றன. விசை உருவாகும் இடத்திலேயே தாங்கப்படுகிறது. போதாததற்கு 1898 மாதிரியில் பின்னே மூன்றாவது காது ஒன்று காப்புக்காக இருக்கிறது. லீ-யில் காதுகள் பின்னே இருப்பதால், ஒவ்வொரு முறை சுடும்போதும் போல்ட்டின் முழு உடலும் ரிசீவரும் மயிரிழை அளவு அமுங்கி நீண்டு மீள்கின்றன. கூடு அதற்கேற்ப நீள்கிறது. சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவர்களுக்கு லீ ரைஃபிளில் பித்தளை விரைவில் விரிசல் காண்பது தெரிந்த செய்தி.

பேரையூர் ஆர்மரர் எழுதுகிறார்:

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தில் யாரும் காலிக் கூட்டைப் பொறுக்கி நிரப்புவதில்லை. காதுகள் பின்னே இருப்பதால் போல்ட் நகரும் தூரம் குறைகிறது. சேம்பருக்குப் பின்னே சேறு போய்த் தங்கும் பள்ளங்களும் இல்லை. ஒரு துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டால் துடைத்துவிடலாம். மவுசரின் காதுகள் போய் அமரும் வளையப் பள்ளத்துக்குள் மண் புகுந்தால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்றால் மவுசர். அழுக்கிலும் ஓடவேண்டும் என்றால் லீ. என் கை லீ-யில் பழகியது, அதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

ஒரு விஷயத்தில் மவுசருக்கு நான் தலைவணங்குவேன். தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமர் கிழிந்து வாயு பின்னே பாய்ந்தால், போல்ட்டின் உடலில் உள்ள இரண்டு துளைகள் அதை இடப்பக்கக் காது ஓடும் பள்ளத்துக்குள் திருப்பிவிடும். பின்னே அகன்று நிற்கும் வளையம் மிச்சத்தைச் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுக்கும். 1898 மாதிரியை வடிவமைத்தவர்கள் பழைய விபத்துகளை நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

திருமங்கலத்தான் கேட்கிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. தூக்குவதில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். போல்ட் சரியாகப் பூட்டாத நிலையில் விசையை அழுத்தினால் வெடித்துவிடாதா? குழலுக்கு அடியில் நீளமான குழாயில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் முறையைச் சில பழைய படங்களில் பார்த்தேன். அதை ஏன் கைவிட்டுப் பெட்டி மேகசினுக்கு மாறினார்கள்?

தல்லாகுளம் வாசகர் எழுதுகிறார்:

இரண்டாவதற்கு நான் விடை சொல்கிறேன். முதல் போல்ட் ரைஃபிள்கள் ஒற்றைத் தோட்டாவுக்கானவை. பிரஷ்யா 1841-இல் ஏற்ற டிரைசே ஊசித் துப்பாக்கி அதற்கு முன்னோடி. தோட்டாக்களைச் சேமித்துவைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தருவதற்கு முதலில் கிடைத்த வழி குழாய்தான். வடிவமைப்பாளர் பால் மவுசரே 1884-இல் தன் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் குழாயைச் சேர்த்தார். 1886-இல் பிரான்ஸ் கொண்டுவந்த லெபெல் ரைஃபிளும் எட்டுத் தோட்டாக் குழாயோடுதான் வந்தது. புகையற்ற வெடிமருந்தை முதலில் பயன்படுத்திய படை ரைஃபிள் அது என்பதால் ஐரோப்பா முழுவதும் பரபரப்பு உண்டானது. ஆனால் அதன் மேகசின் அப்போதே பழமையாகிவிட்டது. குழாய்க்குள் ஒவ்வொன்றாகத்தான் செருக வேண்டும். சுடச் சுட முன்பாரம் குறைந்து ரைஃபிளின் சமநிலை மாறிக்கொண்டே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தோட்டாவின் நுனி அதற்கு முன்னே உள்ள தோட்டாவின் பிரைமர்மேல் அமர்ந்திருக்கும். மொட்டைக் குண்டுகள் இருந்தவரை அது பொறுக்கக்கூடிய அபாயம். கூர்முனைக் குண்டுகள் வந்தபோது லெபெலுக்கு அதற்கெனத் தனியாகத் தோட்டாவின் அடியை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, போல்ட்டுக்கு நேர் கீழே ஸ்பிரிங் வைத்த பெட்டியை அமைத்தார். பிரிட்டன் 1888-இல் அதை ஏற்றது; பின்னர் அது லீ-மெட்ஃபோர்டு எனப் பெயர் பெற்றது. கார்டைட் வெடிமருந்தின் வெப்பம் மெட்ஃபோர்டு என்பவர் குழலுக்குள் வகுத்த ஆழமற்ற வரிப்பள்ளங்களை அரித்ததால், என்ஃபீல்டு தொழிற்சாலை ஆழமான ஐந்து பள்ளங்களை வெட்டியது. 1895-இல் பெயர் லீ-என்ஃபீல்டு ஆயிற்று. போல்ட்டும் மேகசினும் லீ-யுடையவை, குழலின் உட்புறம் மட்டும் மாறியது.

பெட்டியை வேகமாக நிரப்பத் தகட்டுச் சட்டத்தில் ஐந்து தோட்டாக்களைக் கோத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி இறக்கும் முறையை மவுசர் பரவலாக்கினார். 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் ஸ்பானியர்களின் மவுசருக்கு முன்னால், பக்கவாட்டில் ஒவ்வொன்றாக நிரப்பும் கிராக் ரைஃபிளோடு அமெரிக்கர்கள் பட்ட பாடு, அவர்களை 1903-இல் மவுசரைத் தழுவிய புதிய ரைஃபிளுக்கு மாற வைத்தது. அதற்காக மவுசர் நிறுவனத்துக்கு உரிமத் தொகையும் செலுத்த நேர்ந்தது.

பேரையூர் ஆர்மரர் எழுதுகிறார்:

முதல் கேள்விக்கு: வெடிக்காது, தம்பி. காக்கிங் பீஸில் ஒரு புடைப்பு இருக்கிறது. போல்ட்டின் வாலில் அதற்கு நேரான பள்ளம் இருக்கிறது. கைப்பிடி முழுவதும் கீழே இறங்கினால்தான் இரண்டும் நேருக்கு நேர் வரும். இறங்காமல் விசையை அழுத்தினால் புடைப்பு பள்ளத்தின் ஓரத்தில் இடித்து நின்றுவிடும். அல்லது அந்தச் சரிவில் வழுக்கி, போல்ட்டைச் சுழற்றி மூடுவதிலேயே ஸ்பிரிங்கின் பலம் செலவாகிவிடும். ஊசி பிரைமரை எட்டினாலும் அடி பலமாக இருக்காது. மவுசரிலும் தத்துவம் இதேதான்.

.303-க்கே உரிய ஒரு தொல்லையையும் சேர்த்துச் சொல்கிறேன். அதன் தோட்டாவுக்கு அடியில் வெளியே துருத்திய விளிம்பு உண்டு. சேம்பருக்குள் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. கொக்கிக்கும் நல்ல பிடி கிடைக்கிறது. ஆனால் மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே மாட்டிக்கொண்டால், மேலது முன்னே போகும்போது கீழதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்து வாயில் அடைத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கவே ஐந்து தோட்டாச் சட்டத்தில் விளிம்புகளை ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாற்றி மாற்றிக் கோப்பார்கள். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரியாக இறங்கும். கையால் ஒவ்வொன்றாக நிரப்பும்போது ஒவ்வொரு விளிம்பும் முந்தையதற்கு முன்னே அமர்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பழக வேண்டும். மவுசரின் 7.92 தோட்டாவில் விளிம்பு துருத்தாது என்பதால் இந்தக் கவலை அங்கே இல்லை.

பழைய மாதிரிகளில் மேகசின் வாய்க்கு மேலே பக்கவாட்டில் நழுவும் ஒரு தகடு இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டால் மேகசினில் உள்ள தோட்டாக்கள் மறைந்துவிடும். வீரன் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். சாதாரண சிப்பாயிடம் பத்துத் தோட்டாவைக் கொடுத்தால் வீணாக்கிவிடுவான் என்று மேலதிகாரிகள் அஞ்சிய காலம் அது. முதல் உலகப் போரின் நடுவில் உற்பத்தியை விரைவாக்க அந்தத் தகட்டை எடுத்துவிட்டார்கள். அதனால் யாரும் எதையும் இழக்கவில்லை.

நத்தம் விவசாயி எழுதுகிறார்:

ஐயா, குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியப்பாவிடம் உரிமத்தோடு ஒரு .315 ரைஃபிள் இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார். அதன் போல்ட்டும் நீங்கள் சொல்வதுபோலத்தான் கடைசியில் கனக்கும். அதுவும் இந்த வகைதானா?

பேரையூர் ஆர்மரர் எழுதுகிறார்:

ஆம், அதே குடும்பம்தான். .303 படைக்குரிய அளவு என்பதால் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. ஆகவே வேட்டைக்கும் காவலுக்கும்.315 அளவில் இஷாப்பூரில் தனியாகச் செய்தார்கள். போல்ட்டும் பூட்டும் லீ வகை. மேகசின் ஐந்து தோட்டாக்களுக்கானது. இதே ரைஃபிளைச் சிறைக் காவலுக்காக .410 அளவில் வரிப்பள்ளம் இல்லாத ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகவும் மாற்றினார்கள். மேகசின் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருப்பார்கள்.

நடத்துநர் எழுதுகிறார்:

இழை தொடரட்டும், ஒரு குறிப்பு மட்டும். வீட்டுப் பரணில் பழைய ரைஃபிளோ தோட்டாவோ கிடைத்தால் கழற்றிப் பார்க்க முயல வேண்டாம். அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழங்கால ஆயுதத்துக்குத் தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

கே.புதூர் லேத் பட்டறை எழுதுகிறார்:

மேகசினைப் பற்றிய பேச்சு வந்ததால் தம்பிக்கு ஒரு கணக்கு. மவுசர் தன் மேகசினை ரிசீவருக்கு அடியில் வெளியே துருத்தாமல் அடக்கினார்; ஐந்து தோட்டாக்களை ஒரே நெடுவரிசையில் அடுக்காமல் இடம், வலம் என்று மாற்றி மாற்றி அமர்த்தியதால்தான் ஆழம் குறைந்தது. அடுத்தடுத்த மூன்று தோட்டாக்களின் மையங்களை இணைத்தால் சமபக்க முக்கோணம் வரவேண்டும். அப்படியானால் பெட்டியின் உள்ளகலம், தோட்டாவின் விட்டத்தைப் போல 1.866 மடங்கு. அகலம் இதிலிருந்து விலகினால் தோட்டாக்கள் சீராக மேலெழாது.  தோட்டா பின்னே தடித்து முன்னே சிறுப்பதால் பெட்டியையும் அதற்கேற்பப் பின்னே அகலமாகவும் முன்னே குறுகலாகவும் செய்ய வேண்டும். அதனால் ஒரு தோட்டாவுக்காகச் செய்த மவுசர் பெட்டி வேறு தோட்டாவுக்குச் சரிப்படாது.

மவுசரில் உதடுகளைத் தகட்டில் வளைக்கவில்லை. ரிசீவரின் கட்டியிலேயே கடைந்து எடுத்திருக்கிறார்கள். அதோடு இன்னொரு நுட்பம்: தோட்டா மேகசினை விட்டு எழும்போதே அதன் அடிப்பள்ளம் எக்ஸ்ட்ராக்டரின் நீண்ட கொக்கிக்குள் கீழிருந்து நழுவிப் புகுந்துவிடுகிறது. சேம்பருக்குள் போய்ச் சேரும்முன்பே போல்ட் அதைப் பிடித்துவிட்டது. ஆகையால் பாதி வழியில் மனம் மாறிப் பின்னுக்கு இழுத்தாலும் அந்தத் தோட்டா கூடவே வந்து வெளியே விழும். கொக்கி கடைசியில் மட்டும் பிடிக்கும் அமைப்புகளில் அப்படி இழுத்தால் முதல் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். அடுத்து வரும் தோட்டாவின் முனை அதன் பின்னே போய் இடிக்கும். அடுத்த முறை கண்காட்சிக்குப் போனால் காவலரிடம் கேட்டு, டிரில் தோட்டாவை (வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டா) வைத்து மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். கொக்கி எந்தக் கட்டத்தில் விளிம்பைப் பிடிக்கிறது என்பதைப் பக்கவாட்டில் குனிந்து நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம்.